யாரும் சீண்டாத அலிகோதே: வாங்கி, ருசித்துப் பழகுவது எப்படி?

பிரான்ஸின் பர்கண்டி வெள்ளை ஒயின் என்றாலே எல்லோருக்கும் சார்டனேதான் ஞாபகம் வரும். அதே ஊர்களில், பெரும்பாலும் அதே விவசாயிகளிடமே, அலிகோதே என்று இன்னொரு வெள்ளைத் திராட்சையும் இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டும் உடன்பிறப்புகள்தான். பினோ, குவே பிளாங்க் என்ற இரண்டு திராட்சை வகைகள்தான் இரண்டுக்கும் பெற்றோர் என்று மரபணுச் சோதனை சொல்கிறது. ஒன்று மாளிகைக்குப் போனது, மற்றது கொல்லைப்புறத்திலேயே நின்றுவிட்டது. இப்போது சார்டனே விலை ஏறிக்கொண்டே போகிறது, வெயிலும் கூடுகிறது, அலிகோதேவுக்கு மவுசு வந்துவிட்டது. ஆனால் 'மலிவு சார்டனே' என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். இதன் புளிப்பை ரசிக்கப் பழகுவதுதான் வேலையே.

படி 1: லேபிளைப் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்சரா பூச்சி திராட்சைக் கொடிகளை அழித்தது. அதற்குப் பிறகு மறுபடியும் நட்டபோது, நல்ல சரிவு நிலங்கள் பெரும்பாலும் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சைக்கும் சார்டனேவுக்கும் போய்விட்டன. அலிகோதேவுக்குக் கிடைத்தது சமவெளியும் மலையுச்சியின் குளிர்ந்த ஓரங்களும். மகசூலும் அதிகம் எடுத்தார்கள், அப்புறம் ஒயின் நீர்த்துப்போய் வெறும் புளிப்பாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? அந்தக் கெட்ட பெயர் திராட்சையால் வந்ததில்லை, வளர்த்த விதத்தால் வந்தது.

அதனால் லேபிளில் முதலில் ஊரைத் தேடுங்கள். 'போர்கோன் அலிகோதே' என்று இருந்தால் பர்கண்டியில் எங்கு விளைந்ததாகவும் இருக்கலாம், தயாரிப்பாளரை நம்பித்தான் வாங்க வேண்டும். 'பூஸ்ரோன்' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கோத் ஷலோனேஸ் பகுதியில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு, அலிகோதேவுக்கு மட்டுமே என்று 1990-களின் பிற்பகுதியில் தனி அங்கீகாரம் கிடைத்தது. ரோமானே-கோந்தி என்ற உலகப் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் பண்ணையைப் பல ஆண்டுகள் நடத்திய ஓபேர் த விலேன், தன் சொந்தத் தோட்டத்தை அமைத்தது இந்த ஊரில்தான். இது போதாதா?

'தோரே' என்ற சொல் கண்ணில் பட்டால் அதுவும் நல்ல அறிகுறி. அலிகோதேவில் பழுக்கும்போது பொன்னிறமாகும் வகை அது; பச்சை வகையைவிடக் காய்ப்பு குறைவு, சுவை அதிகம். கொடிகளின் வயதையும் விசாரியுங்கள். பர்கண்டியின் மோரே-சாங்-தெனி ஊரில் பொன்ஸோ குடும்பம் 1911-இல் நட்ட அலிகோதே கொடிகளிலிருந்து இன்றும் ஒயின் எடுக்கிறார்கள், விலை மட்டும் நம் கைக்கு எட்டாது.

படி 2: ஆண்டைக் கவனியுங்கள்

புளிப்புக்குப் பயமா? 2018, 2020, 2022 போன்ற வெயில் ஆண்டுகளில் தொடங்குங்கள். சூட்டில் மற்ற வெள்ளைத் திராட்சைகள் அமிலத்தை இழந்து தொய்ந்து போகும்போது, அலிகோதே தன் புளிப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அதோடு பழச்சுவையும் நன்றாக ஏறிவிடுகிறது. அந்த ஊர் விவசாயிகள் இதைத் திரும்பிப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஏப்ரல் பனியில் அடிபட்டுக் குளிராகவே கழிந்த 2021 பாட்டிலைப் பிறகு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

படி 3: அளவாகக் குளிரவையுங்கள்

10 முதல் 12 டிகிரி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் சரி. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் மணமே வராது, புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைக்கும்.

படி 4: சார்டனேவோடு பக்கத்தில் வைத்து ருசியுங்கள்

இரண்டு கிளாஸ். ஒன்றில் ஓக் பீப்பாய் வாசம் அதிகம் இல்லாத சார்டனே, இன்னொன்றில் அலிகோதே. முதலில் சார்டனே: வாயில் உருண்டு பரவும். அப்புறம் அலிகோதே: பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், சில சமயம் வெள்ளைப் பூ மணம், கடைசியில் உப்பு தொட்டது போல ஒரு முடிவு. விழுங்கியதும் வாயில் நீர் ஊறுகிறதா என்று கவனியுங்கள். ஊறினால் நல்ல பாட்டில். தொண்டையில் சுள்ளென்று குத்தி அதோடு நின்றுவிட்டால் அது பழைய காலத்து அலிகோதே, அடுத்த படிக்கு எடுத்து வையுங்கள்.

படி 5: கிர் கலக்குங்கள்

1945 முதல் 1968 வரை டிஜோன் நகர மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர், வந்த விருந்தினருக்கெல்லாம் அலிகோதேவில் கசிஸ் என்ற இனிப்பான பிளாக்கரன்ட் பழ மதுவைக் கலந்து கொடுத்தார். பானத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. முதலில் 10 மில்லி கசிஸ், அதன்மேல் 90 மில்லி குளிர்ந்த அலிகோதே. கலக்கக் கரண்டி தேவையில்லை. பூஸ்ரோனை மட்டும் இதில் ஊற்றி வீணாக்காதீர்கள், தயவுசெய்து.

படி 6: சாப்பாட்டோடு

பர்கண்டியில் பூண்டும் பார்ஸ்லியும் வெண்ணெயும் போட்ட நத்தை, கூஜேர் என்ற சீஸ் பணியாரம், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் இதற்குப் பொருத்தம். கொழுப்பும் உப்பும் இருந்தால் போதும், மிச்ச வேலையைப் புளிப்பு பார்த்துக்கொள்ளும். இனிப்பு சாஸ் ஊற்றியதெல்லாம் வேண்டாம், ஒயின் இன்னும் புளிப்பாகத் தெரியும்.

மீந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நல்ல அலிகோதே மறுநாள் கொஞ்சம் இளகி, முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.