நின்றுபோன கருவியைவிடத் தவறாக ஓடும் கருவியே கெடுதல்: தொலைவிட வானிலை நிலையங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. 2016இல் ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரியையே மிஞ்சிய எண். நாடே பரபரத்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆளனுப்பி, தரமான கருவியோடு ஒப்பிட்டபோது, சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டுவது தெரிந்தது. தலைநகரம் என்பதால் உடனே ஆள் போனார்கள். வால்பாறை எஸ்டேட்டின் மேட்டிலோ கொல்லிமலையிலோ நட்டுவைத்த கருவி இப்படிக் காட்டினால் யார் கவனிப்பார்கள்? நின்றுபோன கருவி தன் கோளாறைத் தானே சொல்லிவிடும். தவறாக ஓடுவது சொல்லாது.

வெப்பநிலையில் பெரும்பாலான பிழை இடத்தேர்விலேயே தொடங்குகிறது. ஆள் ஏற வசதியாக இருக்கிறது என்று தகரக் கூரை மீதும் சிமென்ட் தளத்திலும் பொருத்திவிடுகிறார்கள். சென்சார் இயற்கையான தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். காற்றுவேகமானிக்கோ திறந்தவெளியில் 10 மீட்டர் உயரம் தேவை. இரண்டையும் ஒரே கம்பத்தில் ஒரே உயரத்தில் மாட்டினால் ஏதாவது ஒன்று கெடும்.

அதிகம் ஏமாற்றுவது மழைமானி. புனலில் விழும் நீர் சீசா பலகை போல மாறி மாறிச் சாயும் இரு கிண்ணங்களில் நிரம்புகிறது. ஒவ்வொரு சாய்வும் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் மழை. கொட்டும் மழையில், கிண்ணம் சாயும் நேரத்தில் விழும் நீரின் ஒரு பகுதி கணக்கில் வராமல் போகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்படிப்பட்ட நாளில்தான் இந்தக் குறை பெரிதாகும். பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியையும் வைத்துவிடுங்கள், செலவு சொற்பம்.

புனலின் துளையைச் சருகோ குளவிக் கூடோ அடைத்தால் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். சுற்றியுள்ள ஊர்களில் இரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கிய மழை, உங்கள் வரைபடத்தில் மறுநாள் வரை ஒரே சீரான தூறலாகத் தெரியும். அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்தாலே கிளம்பிவிட வேண்டும். பருவமழைக்கு முன் ஒரு சோதனை: வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியில், மூடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலிலிருந்து 1 லிட்டர் நீரை ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். 50 மில்லிமீட்டர் காட்ட வேண்டும்; அதாவது 250 சாய்வுகள். கம்பம் ஈர மண்ணில் சரிந்திருந்தாலும் எண் பிசகும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் குழப்புவதுதான் எனக்கு மிகுந்த ஆதங்கம் தரும் தவறு. பேட்டரி தீர்ந்து மூன்று நாள் தரவு வரவில்லை என்றால் அங்கே வெற்றிடம் இருக்க வேண்டும். பூஜ்யம் நிரப்பினால் "மழையே இல்லை" என்று பொய்ச் சாட்சி சொன்னதாகிவிடும். சிக்னலில் சில செய்திகள் தவறினாலும் மொத்தம் தப்பாதிருக்க, சாய்வுகளின் கூட்டு எண்ணிக்கையையே ஒவ்வொரு முறையும் அனுப்பச் செய்யுங்கள்.

நேரத்திலும் கவனம் வேண்டும். வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. உங்கள் டேட்டா லாகர் (அளவுகளைப் பதிவு செய்யும் பெட்டி) நள்ளிரவில் நாளை முடித்தால், அல்லது ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடினால், இரு கணக்கும் ஒட்டாது.

வயர்லெஸ் எட்டும் தூரத்தைக் கோடையில் மட்டும் சோதித்தால் போதாது. நனைந்த இலைகள் சிக்னலை விழுங்கும். அதனால் தரவு லாகரின் நினைவகத்திலும் சேமிக்கப்பட வேண்டும். நினைவகம் நிரம்பினால் பழையது அழியுமா, பதிவு நிற்குமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். சோலார் பேனலின் அளவை வெயில் நாளை வைத்து முடிவு செய்யாமல், ஐப்பசி, கார்த்திகையின் தொடர் மூடாக்கை வைத்து முடிவு செய்யுங்கள். மின்சாரத்தைத் தின்பது பெரும்பாலும் அனுப்புதல்தான்; அளப்பதை அப்படியே விட்டு, அனுப்பும் இடைவெளியைக் கூட்டலாம்.

ஒவ்வொரு முறை போகும்போதும் நான்கு திசைகளிலும் படம் எடுத்து, செய்த வேலையை நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். சென்சார் மாற்றிய தேதி எழுதப்படாவிட்டால், வரைபடத்தில் திடீரென ஏறிய ஒரு டிகிரி வானிலையினாலா புதிய சென்சாரினாலா என்று பிறகு எவராலும் பிரித்தறிய முடியாது.