கிலாபத் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ரமலானில் ஒரு ராத்திரி, மேலப்பாளையத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துக் காட்டினான். கிலாபத், அதாவது நபிகள் நாயகத்துக்குப் (ஸல்) பிறகு முஸ்லிம்களுக்குத் தலைமை தாங்கும் கலீஃபாவின் ஆட்சி, 1300 வருஷம் விட்டுப்போகாமல் நடந்தது, எல்லா முஸ்லிம்களுக்கும் எப்போதும் ஒரே கலீஃபாதான், அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் குர்ஆனே சொல்லிவிட்டது என்று இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, "மாமா, இது சரிதானே?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மூன்றுமே சரியில்லை.

'ஒரே கலீஃபா' என்பதை முதலில் பார்ப்போம். பத்தாம் நூற்றாண்டில் ஒரே சமயத்தில் மூன்று பேர் கலீஃபா என்று சொல்லிக்கொண்டார்கள்: பாக்தாதில் அப்பாசியர், வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமியர், 929 முதல் ஸ்பெயினின் குர்துபாவில் (கார்டோபா) உமய்யாக்கள். விட்டுப்போகாமல் நடந்தது என்பதும் இல்லை. 1258-ல் மங்கோலியர் பாக்தாதை அழித்து கலீஃபாவைக் கொன்றார்கள். மூன்று வருஷம் கழித்து கெய்ரோவில் ஒரு அப்பாசியரை உட்கார வைத்தார்கள். அவருக்குப் பட்டம் இருந்தது, அதிகாரம் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களிடம் இருந்தது. டெல்லியில் முகமது பின் துக்ளக் அந்தக் கெய்ரோ வரிசையில் பின்னால் வந்த கலீஃபா முஸ்தக்ஃபியின் பெயரில் காசு அடித்தார். முஸ்தக்ஃபி 1340-லேயே இறந்துபோயிருந்தார். சேதி டெல்லிக்கு வந்து சேராததால் அதற்குப் பிறகும் அவர் பெயரிலேயே காசு வந்துகொண்டிருந்தது.

அடுத்தது, தேர்ந்தெடுக்கும் முறை. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் இரண்டாம் குத்பாவில் (சொற்பொழிவில்) வாராவாரம் பெயர் கேட்கிறோமே, முதல் கலீஃபாக்களான அந்த நான்கு பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். நால்வரும் நான்கு விதமாகப் பொறுப்புக்கு வந்தவர்கள். 632-ல் நபிகள் நாயகம் (ஸல்) மறைந்த அன்று, பனூ சாஇதா கூடத்தில் மதீனாவாசிகள் கூடினார்கள், மக்காவிலிருந்து வந்த தோழர்கள் சிலரும் அங்கே போனார்கள். "எங்களில் ஒரு தலைவர், உங்களில் ஒரு தலைவர்" என்றுகூட ஒரு யோசனை வந்தது. வாக்குவாதத்துக்குப் பிறகுதான் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு பைஅத் (தலைமையை ஏற்கும் உறுதிமொழி) செய்தார்கள். அபூபக்கர் (ரலி) மரணப் படுக்கையில் சிலரிடம் கலந்துபேசி உமர் (ரலி) பெயரைச் சொன்னார்கள். உமர் (ரலி) கத்தியால் குத்தப்பட்டுக் கிடந்தபோது ஒருவரைச் சொல்லாமல் ஆறு பேர் குழுவிடம் ஒப்படைத்தார்கள். தன் மகன் ஆலோசனை சொல்லலாம், ஆனால் பதவி அவருக்குக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டு ஊரே குழம்பிக் கிடந்த நேரத்தில் அலி (ரலி) அவர்களிடம் மக்கள் போய் நின்றார்கள். குர்ஆனில் முறை எழுதி இருந்திருந்தால் நபித்தோழர்களுக்கு இத்தனை யோசனை தேவைப்பட்டிருக்காது. கலந்தாலோசித்துச் செய்யுங்கள், அமானிதத்தை (நம்பி ஒப்படைத்த பொறுப்பை) உரியவரிடம் கொடுங்கள், நீதியாகத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று குர்ஆன் சொல்கிறது. வாக்குச்சீட்டா, வாரிசா, ஆறு பேரா என்பதை அது வகுக்கவில்லை.

பொறுப்பேற்றதும் அபூபக்கர் (ரலி) பேசியதாக வரும் பேச்சை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நான் உங்களில் சிறந்தவன் இல்லை, நன்றாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்றார்கள். எங்கள் மஹல்லாவில் ஒரு வருஷம் பள்ளிவாசல் ஜமாஅத் கணக்கு வாசித்தபோது, பீடிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து, ஜெனரேட்டர் டீசலுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி பில்லை எடுத்துவரச் சொல்லி, தேதி தேதியாக வாசித்துக் காட்டினார். இஸ்லாமியத் தலைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பில்தான் ஞாபகம் வரும்.

கலீஃபாவைப் போப்பாண்டவர் மாதிரி நினைப்பது இன்னொரு தவறு. மார்க்கத்தில் இது சரி, இது தவறு என்று முடிவுகட்டும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை. 833-ல் கலீஃபா மஃமூன், குர்ஆன் அநாதியானது அல்ல, படைக்கப்பட்டது என்று எல்லா ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார். அடுத்து வந்த கலீஃபாவின் காலத்தில் சாட்டையடி பட்டார், அப்போதும் மாறவில்லை. கடைசியில் அரண்மனைதான் இறங்கி வந்தது. அப்புறம், கலீஃபா என்ற சொல்லுக்கு ஆட்சியாளர் என்ற ஒரு பொருள் மட்டும் கிடையாது. குர்ஆன் ஆதம் நபியையே பூமியில் கலீஃபா என்கிறது. நம் பக்கத்தில் காதிரிய்யா தரீக்காவில் (சூஃபி வழியில்) ஷைகின், அதாவது குருவின், பிரதிநிதியையும் கலீஃபா என்றுதான் சொல்கிறோம்.

ஷியாக்களின் இமாமத்தையும் சன்னிகளின் கிலாபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஷியாக்களுக்கு இமாம் இறைவனால் நியமிக்கப்பட்டவர்.

2014-ல் ஈராக்கில் ஒரு கும்பல் தன் தலைவனை கலீஃபா என்று அறிவித்தது. அதைக் கண்டு மயங்குவதும், அதை வைத்து எல்லா முஸ்லிம்களையும் எடைபோடுவதும் ஒரே அறியாமைதான். அதே வருஷம் செப்டம்பரில் 120-க்கும் மேற்பட்ட ஆலிம்கள் ஒரு பகிரங்கக் கடிதத்தில் அந்த அறிவிப்பை ஆதாரத்தோடு மறுத்தார்கள். உம்மத்தின் (முஸ்லிம் சமுதாயத்தின்) சம்மதம் இல்லாமல் கிலாபத் கிடையாது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

எனக்கு மனசு வலிக்கும் தவறு ஒன்று உண்டு. கலீஃபா இல்லாத ஊரில் முஸ்லிமாக வாழ்வது அரைகுறை வாழ்க்கை என்று பிள்ளைகளிடம் சொல்வது. பாக்தாத் விழுந்த அதே நூற்றாண்டில் காயல் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக அரபுக் குதிரை இறங்கியது. சுந்தர பாண்டியனுக்கு மந்திரியாக இருந்து இந்தக் கரையோரத் துறைகளைப் பார்த்துக்கொண்டவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். மன்னர் பாண்டியர், மந்திரி முஸ்லிம். அந்த மந்திரியின் தீனுக்கு (மார்க்கத்துக்கு) அதனால் என்ன குறை வந்தது?

பிற்காலத்தில் கலீஃபா பட்டத்தை வைத்திருந்த துருக்கி சுல்தானுக்காக நம் ஊர்க்காரர்களும் உருகியது உண்மை. அந்தக் கலீஃபாவைக் காக்க எழுந்த கிலாபத் இயக்கமும் காந்தியின் ஒத்துழையாமையும் சேர்ந்து நடந்த 1920-ல், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் படிப்பையே விட்டார். 1924 மார்ச் 3-ல் துருக்கி நாடாளுமன்றமே கிலாபத்தை ஒழித்துவிட்டது. இஸ்மாயில் சாகிப் அதோடு ஒதுங்கிவிடவில்லை. இந்திய அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். 1948 நவம்பரில் பொது சிவில் சட்டப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, தனியார் சட்டத்தை (மதத்தை ஒட்டிய திருமண, வாரிசுரிமைச் சட்டத்தை) கைவிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் தோற்றது. அதற்குப் பிறகு மாநிலங்களவைக்குப் போனார், அப்புறம் மக்களவைக்கு. 1972 ஏப்ரலில் இறந்தபோதும் அவர் மஞ்சேரி எம்.பி.யாகத்தான் இருந்தார்.