பள்ளியில் இடம் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டில் பெற்றோர் செய்யும் தவறுகள்

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் பிள்ளையின் சேர்க்கை தொடர்பான மனுக்களும் வருகின்றன. அவற்றில் பல, குடும்பத்தின் வறுமையையும் அலைச்சலையும் விரிவாகச் சொல்லிவிட்டு, எந்தப் பள்ளி, எந்த நாளில், என்ன காரணம் காட்டி இடம் மறுத்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. மேல்முறையீடு என்பது ஒரு முடிவை எதிர்த்துச் செய்யப்படுவது. அந்த முடிவு எது என்று தெரியாத மனுவை வாங்கும் அலுவலர் அதைக் கீழே உள்ள அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

ஆகவே, வாய்மொழி மறுப்போடு திரும்பிவிடுவதே தவறுகளில் பெரியது. "சீட் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பள்ளி அலுவலக எழுத்தர் சொல்வதை யாரும் பின்னர் நிரூபிக்க முடியாது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சேர விரும்பும் வகுப்பு, எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறோம் என்பவற்றைக் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்கோ முதல்வருக்கோ ஒரு கடிதம் எழுதி, இடம் தர இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தருமாறு அதிலேயே கேட்க வேண்டும். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் பெறுவது நல்லது. வாங்க மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம். பதில் வராவிட்டாலும், அனுப்பியதற்கான ரசீதே நம் பக்கத்துச் சான்றாகிவிடும்.

இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 12-ஆம் பிரிவின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு நிலை வகுப்பில் (எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பு) ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களைப் பற்றியே பெரும்பாலான புகார்கள் எழுகின்றன. இங்கே பலர் குழம்புவது எந்தப் பிரிவினராக விண்ணப்பிப்பது என்பதில்தான். நலிவடைந்த பிரிவினருக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றிதழ் தேவை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடியினர் உள்ளிட்ட வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு வருமான வரம்பு இல்லை; சாதிச் சான்றிதழ் போதும். ஒரு பிரிவில் விண்ணப்பித்துவிட்டு மற்றொரு பிரிவுக்கான சான்றிதழை இணைத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அத்தகைய தள்ளுபடியை எதிர்த்து அநீதி என்று எழுதுவதால் பயனில்லை. விண்ணப்பக் காலம் முடியவில்லை என்றால் திருத்துவதே வழி.

முகவரியும் அப்படியே. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கே இந்த ஒதுக்கீட்டில் முன்னுரிமை. குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ குடும்ப அட்டை வைத்துக்கொண்டு, வேலைக்காகக் காட்பாடியில் வாடகைக்குக் குடியிருப்போர் பழைய முகவரியிலேயே விண்ணப்பித்து இடத்தை இழக்கிறார்கள். அட்டையின் முகவரியை விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் நடக்கும் குலுக்கல் முடிந்த பிறகு அதை மாற்றுவது அந்த ஆண்டுக்கு உதவாது.

வேலூர்ப் பகுதியில் கிறிஸ்தவ, இஸ்லாமிய அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகள் பல உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. எனவே, அந்தப் பள்ளிக்குச் சிறுபான்மைத் தகுதி உண்டா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு புகார் எழுதுவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இதற்கு நேர்மாறாக, சட்டம் துணை நிற்கும் இடங்களில் பெற்றோர் பேசாமல் இருந்துவிடுவதும் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கும் பள்ளியிடம் சிக்கியவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வோ, பெற்றோருக்கு நேர்காணலோ நடத்தினால், 13-ஆம் பிரிவின்கீழ் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். மனுவில் இந்தப் பிரிவு எண்களைக் குறிப்பிட்டால் அது வெறும் வேண்டுகோளாக நின்றுவிடாது.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னும், ஆற்காடு, வாலாஜாப்பேட்டைப் பக்கத்தார் சிலர் பழைய பழக்கத்தில் வேலூருக்கே வந்து மனு கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ராணிப்பேட்டையிலும், வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குத் திருப்பத்தூரிலும் முதன்மைக் கல்வி அலுவலகம் உள்ளது. படிநிலையைத் தாண்டி நேரே சென்னைக்கு எழுதுவதும் காலத்தைத்தான் வீணாக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி முதலில் உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும்; இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதங்களுக்குள் அது முடிவெடுக்க வேண்டும்; அந்த முடிவில் நிறைவில்லை என்றால்தான் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு. நேரில் மனு கொடுக்கும்போது அலுவலகம் அதற்கு இடும் தபால் எண்ணுடன் ஒப்புகை பெறாமல் வெளியே வரக் கூடாது.

ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை, எத்தனை நிரம்பின என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இடம் முடிந்துவிட்டது என்ற பள்ளியின் பதில் உண்மையா என்பதை இதைவிட மலிவாகச் சோதிக்க முடியாது.

புகாரின் மீது முடிவு வர மூன்று மாதங்கள் ஆகலாம் என்பதால், ஆறு வயது நிறைந்த பிள்ளையை அதுவரை வீட்டிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். காலம் கடந்து வந்தாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வதால், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் எந்த மாதத்திலும் சேர்க்கலாம்; புகார் நிலுவையில் இருக்கும்போது அப்படிச் சேர்த்த விவரத்தையும் தேதியோடு கோப்பில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும்.