சர்க்கரை ஏன் அமிலம் இல்லை? சங்குப்பூவை வைத்துச் செய்து பாருங்கள்

பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் நான், அமிலப் பாடத்தை எப்போதும் ஒரு கேள்வியில்தான் தொடங்குவேன். சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் 22 ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அது ஏன் அமிலம் இல்லை? "ஹைட்ரஜன் இருந்தால் அமிலம், ஹைட்ராக்சைடு இருந்தால் காரம்" என்று பாதி வரையறையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கே திணறிப்போகிறார்கள். விடை வேதிப் பிணைப்பில் இருக்கிறது. அதை வீட்டிலேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூ பத்துப் பன்னிரண்டு பறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சங்குப்பூ இதற்கு உதவாது. பச்சைக் காம்பை நீக்கிவிட்டு, இதழ்களை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் ஆழ்ந்த நீல நீர் கிடைக்கும். கேன் தண்ணீரே நல்லது. பல ஊர்களில் போர் தண்ணீர் சற்றுக் காரத்தன்மையோடு இருப்பதால், நிறம் தொடக்கத்திலேயே பச்சைப் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். இது புதிய வித்தையும் அல்ல. ராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட நூலிலேயே, வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதியிருக்கிறார்.

அடுத்தது சுண்ணாம்பு நீர். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் அரைத் தேக்கரண்டி எடுத்து ஒரு பாட்டில் நீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீர் மட்டும் நமக்குப் போதும். இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் செய்ய வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விழி புண்ணாகிவிடும். பட்டுவிட்டால் கசக்காமல் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது நான்கு கண்ணாடிக் கிண்ணங்களில் இரண்டிரண்டு கரண்டி பூநீரை ஊற்றுங்கள். எவர்சில்வரில் நிறம் தெளிவாகத் தெரியாது. முதல் கிண்ணத்தை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் வெள்ளைச் சர்க்கரை. வெல்லம் வேண்டாம், காய்ச்சும்போது அதில் சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு. மூன்றாவதில் சமையல் உப்பு. இரண்டையும் எவ்வளவு கலக்கினாலும் நீலம் நீலமாகவே இருக்கும். நான்காவதில் ஒரே ஒரு துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் ஊதாவாகிவிடும்.

சர்க்கரையில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த எட்டு ஓஎச் தொகுதிகளும் உண்டு. ஆனாலும் அது காரமில்லை, அமிலமும் இல்லை. அந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பால், அதாவது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பால், இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. நீரில் கரைந்தாலும் மூலக்கூறு முழுசாகத்தான் மிதக்கிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்திலும் எட்டு ஹைட்ரஜன்கள்தான். அவற்றில் மூன்று மட்டுமே நீரில் அயனியாக, அதாவது மின்சுமை உள்ள துகளாக, விடுபடக்கூடியவை; அமிலத்தன்மை தருவது அவைதான். அந்த மூன்றும், ஒரு கார்பனோடு இரண்டு ஆக்சிஜன்கள் சேர்ந்த கார்பாக்சில் தொகுதியில் ஆக்சிஜனோடு இணைந்தவை. ஹைட்ரஜன் அயனி விலகியதும் மிஞ்சும் எதிர்மின்சுமையை அங்குள்ள இரண்டு ஆக்சிஜன்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால்தான் விலகல் எளிதாகிறது. சர்க்கரையில் அந்த வசதி இல்லை.

இனி சொட்டு மருந்தோடு வரும் டிராப்பரால், நான்காவது கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விடுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். துளி விழுந்த இடத்தில் ஒரு கணம் பச்சை தோன்றி, கலக்கியதும் மறையும். பிறகு ஊதா மெல்ல நீலத்துக்குத் திரும்பும். ஒரு துளிச் சாற்றுக்கு ஏறக்குறைய இருபது துளிகள் தேவைப்படலாம். "சுண்ணாம்பு அவ்வளவு பலவீனமான காரமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை, அது வலிமையான காரம். ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம்கூடக் கரையாததால் கரைசல்தான் நீர்த்திருக்கிறது. வலிமை வேறு, செறிவு வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பச்சை மறையாமல் நிலைத்துவிட்டால் காரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். அமில, கார அளவு சற்று மாறினாலும் நீலம் நீலமாகவே இருக்கும்; அதனால் அது திரும்பிய துளியையே துல்லியமான நடுநிலை என்று குறித்துவிடக் கூடாது.

சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதில் கால்சியம் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் அயனிப் பிணைப்பால், அதாவது எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பால், சேர்ந்திருக்கின்றன, கரைந்ததும் பிரிகின்றன. அந்த ஹைட்ராக்சைடு, எலுமிச்சை தந்த ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து நீராகிறது. உப்பும் அயனிப் பிணைப்புள்ளதே. ஆனால் பிரிந்து வருபவை சோடியமும் குளோரைடும். பூவின் நிறத்தை அவை மாற்றுவதில்லை. ஆகவே சமன்பாட்டை எழுதச் சொல்லும் முன், ஒவ்வொரு கிண்ணத்திலும் எந்த அயனி விடுபட்டது என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

இதே சோதனையைத் தயிர்த் தெளிவு, புளிக்கரைசல், சமையல் சோடா என்று நீட்டலாம். கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் மட்டும் போக வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வெளியாகி நுரையீரலைத் தாக்கும்.