வேட்டை நாய் வாங்கப்போகும் பெங்களூர் வீடுகளில் நடக்கும் தவறுகள்

அல்சூரிலோ லிங்கராஜபுரத்திலோ இருக்கும் ஒரு தமிழ் வீட்டில் நாய் வாங்கும் பேச்சு எழுந்தால் அது மூன்று திசையில் இழுபடும். அப்பா "நம்ம ஊர் நாய்தான்" என்று சிப்பிப்பாறையையோ ராஜபாளையத்தையோ சொல்வார். பிள்ளைகள் காது தொங்கும் பீகிளின் படத்தை நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கன்னட மண்ணின் முதோலைப் பரிந்துரைப்பார். எல்லாமே வேட்டை நாய்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேட்டையாடும் விதம் வேறு. கூடத்தில் கத்திக்கொண்டு ஓடும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் அந்த நாய் என்ன செய்யும் என்பது பெரும்பாலும் அந்த விதத்தைப் பொறுத்தது. நிறத்தையும் முகவெட்டையும் விலையையும் விசாரித்துவிட்டு இதை மட்டும் கேட்காமல் வருகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

சிப்பிப்பாறை, கன்னி, முதோல் (கேரவன் என்பதும் இதன் இனம்தான்), ராம்பூர், கிரேஹவுண்ட் எல்லாம் கண்ணால் பார்த்து விரட்டுபவை. அசைவதைக் கண்டால் கால் தானாகக் கிளம்பிவிடும். உரிமையாளர் கூப்பிடும் குரல் அப்போது காதில் ஏறாது. பீகிள், பாசெட் போன்றவை மோப்பம் பிடித்துத் தொடர்பவை. மூக்கு தரையில் இருக்கும்வரை உலகமே மறந்துபோகும், தடம் கிடைத்துவிட்டால் நீளமாக ஊளையிடும். அந்த ஊளை கோளாறு அல்ல. பின்னால் வரும் வேட்டைக்காரனுக்கு இடத்தைக் காட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த குணம். மூன்றாம் வகை கோம்பை, ராஜபாளையம் போன்றவை. காட்டுப்பன்றியை எதிர்த்து நிறுத்தவும் தோட்டத்தைக் காக்கவும் பழகியவை. பின்வாங்காத குணம் இவற்றுக்கு இயல்பு. வீட்டுப் பிள்ளையிடம் பாசமாக இருக்கும் அதே நாய், அந்தப் பிள்ளையோடு விளையாட வந்து கத்தும் எதிர்வீட்டுப் பையனை வேறு கண்ணால் பார்க்கும். பிறந்தநாளுக்கு இருபது பிள்ளைகள் வந்துபோகும் வீட்டுக்கு, அதுவும் முதல் நாயாக, கோம்பையை நாங்கள் சொல்ல மாட்டோம்.

முதோலோ சிப்பிப்பாறையோ பிள்ளையை இரையாக எண்ணித் துரத்துவது அபூர்வம். காயம் வேறு வழியில் வருகிறது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய் முழு வேகத்தில் ஓடிவந்து திரும்ப முடியாமல் மோதினால் சிறு பிள்ளை பறந்து விழும். அதைவிட அதிகம் நடப்பது கயிற்றால் வருவது. எட்டு வயதுப் பிள்ளையின் எடையும் முதோலின் எடையும் ஏறக்குறைய ஒன்று. மரத்திலிருந்து அணில் இறங்கினால் கயிற்றைப் பிடித்திருக்கும் பிள்ளையும் சேர்ந்து நடுரோட்டுக்குப் போகும். ஆகவே இந்த வகை நாயின் கயிறு பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் இரண்டாவது கயிறு ஒன்றைக் கட்டிக் கொடுக்கலாம்.

கழுத்து பெல்ட்டிலும் ஒரு கணக்கு உண்டு. இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரண பெல்ட்டைப் போட்டால் பின்பக்கம் ஒரு இழு, தலை வெளியே வந்துவிடும். 4 முதல் 5 செ.மீ. அகலமுள்ள மார்ட்டின்கேல் பெல்ட் வாங்குங்கள். இழுக்கும்போது ஓரளவு இறுகும், கழுத்தை நெரிக்காது. இறுகிய நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிறு 5 அல்லது 6 அடி போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் கயிறு இவற்றுக்கு ஆகவே ஆகாது. ஐந்து மீட்டர் ஓட இடம் கிடைத்த பிறகு வரும் இழுப்பு கழுத்தையும் உடைக்கும், பிடித்தவர் விரலையும் அறுக்கும்.

இன்னொன்று, தூக்கம். ஒல்லித் தோல், கொழுப்பில்லாத உடம்பு, ஆழ்ந்த உறக்கம் மூன்றும் சேர்ந்த நாய்கள் இவை. தூங்கும்போது யாராவது மேலே விழுந்தால் விழிக்கும் முன்பே வாய் திரும்பிவிடும். "ஒன்றுமே செய்யாத பிள்ளையைக் கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் கதைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. படுக்கையைக் கூடத்தின் நடுவில் போடாதீர்கள். இரண்டு பக்கம் சுவர் உள்ள மூலையில், பிள்ளை போகக்கூடாத இடம் என்று முடிவு செய்து போடுங்கள். எழுப்ப வேண்டுமானால் தொடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெங்களூர் டிசம்பர் இரவில் இவை நடுங்கும், தடித்த மெத்தையும் ஒரு போர்வையும் வேண்டும்.

வெள்ளை நிறமும் காதும்

ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. அந்த அழகுக்குத்தான் விலை. ஆனால் முழு வெள்ளைக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாதபோது கேட்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துபோகின்றன. வாங்குபவர்கள் குட்டியின் முகத்துக்கு எதிரே கைதட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கை அசைவதைக் குட்டி பார்த்திருக்கும், அல்லது கூடப் பிறந்தவை திரும்பியதைப் பார்த்துத் தானும் திரும்பியிருக்கும். சரியான முறை: குட்டியைத் தனியே எடுத்து வந்து, அது வேறு பக்கம் பார்க்கும்போதோ தூங்கும்போதோ, காற்றும் தரை அதிர்வும் படாத தூரத்தில் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். மூன்று முறை, வேறு வேறு பக்கத்திலிருந்து. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும், அதைக் கண்டுபிடிக்க ஒலிக்கு மூளை காட்டும் மின்பதிவைப் பார்க்கும் "பேர்" (BAER) பரிசோதனை வேண்டும். செவிட்டு நாயை வளர்க்க முடியும், அதற்கென்று கைச்சைகை பழக்கலாம். பின்னால் வந்து கட்டிப்பிடிக்கும் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மட்டும் அது பொருந்தாது.

வயதில் செய்யும் தவறு இரண்டு முனையிலும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். 30, 35 நாள் குட்டியை "இப்பவே எடுத்தாத்தான் பழகும்" என்று தலையில் கட்டுபவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் குட்டி தன் ஈத்தோடு கட்டிப்புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி கத்துவான் என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டி அதை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும். மறுமுனையில், ஐந்து ஆறு மாதம் தோட்டத்துக் கொட்டகையிலேயே வளர்ந்த நாய். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்கு உலகம். சிறு பிள்ளையையே கண்டிராத நாய் முதல்முதலில் மிரளும். மிரண்ட நாய் ஓட வழியில்லாமல் மூலையில் சிக்கினால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

படத்தை அனுப்பி, முன்பணம் வாங்கி, "பஸ்ல போட்டு விடறேன், காலையில கலாசிப்பாளையத்துல எடுத்துக்கங்க" என்பவரிடம் வாங்காதீர்கள். இராப் பயணமும் பசியும் குளிரும் சேர்ந்தால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் போன்ற நோய்க்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. தாயை நேரில் பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. தாய் அந்நியரைக் கண்டு ஒளிகிறதா, பாய்கிறதா, முகர்ந்துவிட்டு அமைதியாக விலகுகிறதா என்பது எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்லும். கென்னல் கிளப் தாள் வம்சத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. குட்டிகள் விளையாடும் இடத்தில், சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிட்டுவிட்டுச் சில நொடியில் வந்து தட்டை முகரும் குட்டிதான் பிள்ளைகள் வீட்டுக்கு. நடுங்கிக்கொண்டு மூலைக்குப் போய் வெளியே வராததை இரக்கப்பட்டு எடுக்காதீர்கள். தட்டின் மேல் பாய்ந்து பிடுங்குவதையும் விடுங்கள்.

முதோலைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல். பாகல்கோட்டை மாவட்டத்து முதோல் வட்டம் திம்மாபுரத்தில், பீதர் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் இந்த இனத்துக்காகவே இருக்கிறது. வாங்கும் முன் ஒருமுறை அங்கே விசாரிப்பது நல்லது.

பீகிள் சின்னது, அதனால் சுலபம் என்ற நம்பிக்கைக்கு வருவோம். 10 கிலோ நாய், பிள்ளைகளிடம் பொறுமை அதிகம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஒன்பது மணிநேரம் பூட்டிய பிளாட் என்றால் ஊளை நான்கு மாடிக்குக் கேட்கும். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அதைக் காட்டி மேல்வீட்டுக் கைக்குழந்தையைத் தூங்கவைக்க முடியாது. மருந்து ஆய்வகங்களிலிருந்து விடுவித்த பீகிள்களைப் பெங்களூரில் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கட்டும் புல்லும் பார்க்காமல் வளர்ந்தவை அவை. பத்து வயதைத் தாண்டிய, அமைதியான பிள்ளை இருக்கும் வீட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும் வீட்டில் கட்டிலுக்கு அடியிலேயே காலம் கழிக்கும்.

"வேட்டை நாய்க்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும்" என்பது பாதி உண்மை. கண்ணால் விரட்டும் நாய் சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடும், மிச்ச நேரம் சோபாவில் கிடக்கும். தினம் இரண்டு வேளை அரை மணி நடை, வாரத்தில் இரண்டு முறை நாலு பக்கமும் அடைத்த இடத்தில் கயிறில்லாத ஓட்டம், இது கிடைத்தால் பிளாட்டிலும் சமாளிக்கும். ஸ்கூட்டரில் கட்டி ஓடவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வயது ஆகும்வரை எலும்பின் வளர்ச்சிப் பகுதி மூடியிருக்காது, வெயிலில் தார்ரோடு பாதத்தைப் பொசுக்கும். நாள் முழுக்கப் பார்க்கிங்கில் சங்கிலியில் கட்டிவைப்பது இதைவிட மோசம். கட்டிய நாய்க்கு விலகிப்போக வழியில்லை, அதனால் முன்னால் வருகிறது. பந்தை எடுக்கச் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் நுழையும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. வழுக்கும் டைல்ஸில் நீளக் கால் நாய் சறுக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளும், ஓடும் பாதையில் ரப்பர் பாய் விரியுங்கள்.

சாப்பாட்டில் பாட்டிமார்கள் இரண்டு பக்கமும் தவறு செய்வார்கள். சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவதுதான் ஆரோக்கியம், "எலும்பும் தோலுமா இருக்கே" என்று தயிர்ச்சாதத்தால் கொழுக்கவைக்க வேண்டாம். பீகிளோ எவ்வளவு போட்டாலும் தின்னும், பிள்ளை கையிலிருந்து விழும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. சாக்லேட்டும் வெங்காயமும்கூட நாய்க்கு நஞ்சுதான். நெஞ்சு ஆழமான இனங்களுக்கு ஒரே வேளை நிறையப் போடாமல் இரண்டாகப் பிரித்து, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் விட்டுக் கொடுங்கள். வயிறு உப்பி, ஒன்றும் வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஓமத்தண்ணீர் வேலைக்காகாது, நேரே ஆஸ்பத்திரி.

குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்குப் போகும்போது இது கண்ணால் விரட்டும் இனம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவாக இருப்பதால் தயோபென்டோன் போன்ற பழைய மயக்கமருந்தில் இவை எழுந்திருக்க வெகுநேரம் எடுக்கும். பூச்சி மருந்தைக் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம்வரை தவறாமல் கொடுங்கள். நாயின் உருண்டைப்புழு மண்ணில் விளையாடும் பிள்ளைக்கும் வரும். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் வருடம் முழுக்க உண்டு, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினம் பாருங்கள்.

பெங்களூர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். பாட்டி "வா" என்பார், பேரன் "கம்" என்பான், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "பா" என்பார். "வேண்டாம்", "நோ", "பேடா" மூன்றும் அப்படியே (மூன்றாவதை இனிப்பு என்று நாய் நினைத்தாலும் குற்றமில்லை). எந்தச் சொல்லானாலும் சரி, ஒன்றை முடிவு செய்து குளிர்சாதனப்பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். ஊரில் விடுமுறைக்குப் போகும்போது "இது முயல் பிடிக்குமா பார்க்கலாம்" என்று யாராவது அவிழ்த்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாயை ஏவி முயல் பிடிப்பதும் வேட்டைதான், வழக்கு உங்கள் பேரில் வரும்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகவில்லையென்றால் தள்ளிப்போடுவதே எங்கள் கருத்து. வாங்கிவிட்டால், நாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று நாய் சொல்வது. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும்.

கடித்தோ கீறியோவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தெரியும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ரேபிஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசி, பிறகு தோலுக்குள் போடும் ஊசியானால் 3, 7, 28-ஆம் நாள், தசையில் போடும் ஊசியானால் 14-ஆம் நாளும் சேர்த்து. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் (ரேபிஸுக்கு எதிராக உடனே வேலை செய்யும் எதிர்ப்புப்பொருள்) கேட்டு வாங்குங்கள். "நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே" என்று நீங்களே முடிவு செய்யாமல், அந்த ஊசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். கோபத்தில் நாயை அன்றே யாரிடமாவது கொடுத்துவிடவும் கூடாது. அது 10 நாள் கண்ணெதிரே இருந்து நலமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மிச்ச ஊசிகளைப் பற்றி மருத்துவர் சொல்வார்.