பார்க்கின்சனுக்கு ‘மூளைச் சத்து’ எழுதுறவங்க பண்ற தப்புகள்

எங்ககிட்ட இன்டர்ன்ஷிப் வர்ற டயட்டீஷியன் பசங்க, பேட்ச் மாறினாலும் அவங்க எழுதுற டயட் சார்ட் மாறுறதில்ல. ஃபைல்ல பார்க்கின்சன்னு, அதாவது கை நடுங்கி உடம்பு இறுகிப் போற மூளை நோய்னு, பார்த்த உடனே ஆன்டிஆக்சிடன்ட், ஒமேகா 3, மஞ்சள் கேப்சூல், கோ க்யூ 10 (செல்லு சக்தி உண்டாக்க உதவுற ஒரு பொருள்)னு வரிசையா எழுதிடுறாங்க. எங்க காலத்துலயும் இதேதான், அதனால திட்டவும் மனசு வரல. எண்ணெய்ப் பலகாரம் குறைங்க, தண்ணி குடிங்கன்னு நான் சொல்லி யாருக்கும் தெரியணும்னு இல்ல, அதெல்லாம் விட்டுடறேன்.

எலிக்கு வேலை செஞ்சத மனுஷனுக்கு எழுதுறது

எனக்கு இன்னிக்கும் கடுப்பாகுற தப்பு இதுதான்.

1982ல கலிஃபோர்னியாவுல சில இளவட்டங்க போலி ஹெராயின ஊசி போட்டுக்கிட்டு, முத்தின பார்க்கின்சன் மாதிரி அப்படியே உறைஞ்சு போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. சரக்குல எம்பிடிபின்னு ஒரு ரசாயனம் கலந்திருந்தத நியூராலஜிஸ்ட் லாங்ஸ்டன் குழு துருவிக் கண்டுபிடிச்சது. அது மூளைக்குள்ள போய் வேற ரூபம் எடுத்து, உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமின் சுரக்கிற செல்லுங்களோட மைட்டோகாண்ட்ரியாவ, அதாவது செல்லுக்கு சக்தி தர்ற பகுதிய, முடக்கிடும். அதுக்கப்புறம் லேப்ல சுண்டெலிக்கு இதே விஷத்தக் குத்தி பார்க்கின்சன் மாதிரி ஒண்ண வரவழைச்சு, எந்தச் சத்து கொடுத்தா செல்லு பிழைக்குதுன்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் பிழைக்க வைக்குது, க்ரீன் டீ பிழைக்க வைக்குது, வைட்டமின் ஈ, கோ க்யூ 10, எல்லாமே ஏதோ ஒரு எலியக் காப்பாத்தியிருக்கு.

ஆனா அந்தப் பேப்பர்கள்ல செய்முறைப் பகுதியப் படிங்க. பெரும்பாலும் சத்த முதல்ல கொடுத்துட்டு அப்புறம்தான் விஷம் குத்துவாங்க, இல்லன்னா ரெண்டையும் கூடவே. நம்ம ஓபிக்கு வர்ற பெரியவருக்கு கை நடுங்க ஆரம்பிக்கும்போதே அந்த செல்லுங்கள்ல கிட்டத்தட்ட பாதி, சிலருக்கு அதுக்கும் மேல, போயிருக்கும். எலிக்கு விஷம் ஒரே நாள்ல, இல்ல சில நாள்ல ஏறுது. இவருக்கு வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள நடந்தது, அதுவும் என்ன காரணம்னே பல பேருக்குத் தெரியாம.

மனுஷன்ல சோதிக்காமலும் இல்ல. வைட்டமின் ஈ-ய தினம் 2000 யூனிட் வீதம் 800 பேர் இருந்த ஒரு பெரிய ஆய்வுல பார்த்தாங்க, 1993ல ரிசல்ட் வந்துச்சு, நோய் வேகம் குறையல. கோ க்யூ 10 கதை இன்னும் மோசம். 2002ல 80 பேர வச்சு செஞ்ச சின்ன ஆய்வு நல்லா இருக்குன்னு சொன்னதும் பாட்டில் பாட்டிலா வித்துச்சு. அப்புறம் 600 பேர்கிட்ட 1200, 2400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, பிரயோஜனம் இல்லன்னு 2011ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க. தசைக்குன்னு விக்கிற கிரியேட்டினுக்கும் அதே முடிவு, அது 1700 பேருக்கு மேல. இவ்வளவும் பப்ளிக்கா கிடக்கு, ஆனாலும் சார்ட்ல அதே வரிசைதான்.

இதோட விலை என்னன்னா, திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ரிட்டயர்ட் பஸ் டிரைவர் ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க. அவர் சம்சாரம் ஜவுளிக்கடைப் பையிலேர்ந்து சத்து டப்பாக்கள ஒவ்வொண்ணா எடுத்து மேஜைல வச்சாங்க, எல்லாம் வேற ஒரு இடத்துல டயட் சார்ட்லயே எழுதிக் கொடுத்தது. மூளைக்குள்ள டோபமினா மாறுற லீவோடோபாதான் இந்த நோய்க்கு முக்கிய மாத்திரை, அத ஒரு நாளைக்கு எத்தனை வேளை போடுறாருன்னு கேட்டா, நாலு வேளை எழுதினத ரெண்டு வேளையாக்கிட்டாங்களாம். "காசு பத்தல மேடம், அந்த மாத்திரை கெமிக்கல்தானே, இது மூளைக்கு சத்துன்னு சொன்னாங்க"ன்னாங்க. பத்து மணிக்கு மேல மனுஷனால சட்டை பட்டன் போட முடியல, சாப்பாடு தொண்டையில நின்னுக்குது. டப்பா எழுதினவங்க யாரும் மாத்திரைய நிறுத்தச் சொல்லல, உண்மைதான். ஆனா மாசச் செலவுல அதுக்கு இடம் எங்கேர்ந்து வரும்னு யோசிக்கவும் இல்ல. "அக்கா, முதல்ல மாத்திரை, மிச்சம் இருந்தா மீன் வாங்குங்க"ன்னு சொல்லி டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பினேன். எழுதுறதுக்கு முன்னாடி மாத்திரைச் சீட்ட வாங்கிப் பாருங்க, வீட்ல என்ன குறைச்சுட்டாங்கன்னு கேளுங்க.

பருப்பும் மாத்திரையும் ஒரே நேரத்துல

லீவோடோபாவும் புரதத்துலேர்ந்து வர்ற சில அமினோ அமிலங்களும் குடல்லயும் சரி, மூளை வாசல்லயும் சரி, ஒரே கதவுக்குத்தான் முண்டுது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, இல்ல ஒரு மணி நேரம் கழிச்சுன்னு டாக்டர் சொல்ற இடைவெளிய சார்ட்லயும் எழுதுங்க. புரதத்த நிறுத்தச் சொல்லாதீங்க, ஏற்கனவே எடை குறைஞ்சுட்டு வர்ற ஆளுங்க. மாத்திரை வேலை செய்யறது ரொம்பக் குறையுதுன்னா, டாக்டர்கிட்ட பேசி புரதத்துல பெரும்பங்க ராத்திரிக்கு நகர்த்தலாம்.

இரும்புச்சத்து மாத்திரை

லீவோடோபாவோட சேர்த்து போடக்கூடாது, ரெண்டு மணி நேரமாவது தள்ளி.

பூனைக்காலிப் பொடி ‘இயற்கைதானே’

அந்த விதைக்குள்ள இருக்கிறதே லீவோடோபாதான். வேலை செய்யும், பிரச்சனையே அதான். மாத்திரை போடுறவர் டாக்டருக்குச் சொல்லாம பொடியும் கலந்து குடிச்சா டோஸ் ஏறி உடம்பு தானா நெளியும், குமட்டும், எந்திரிச்சா பிரஷர் இறங்கி விழுவாங்க.

முள் சீத்தா இலைக் கஷாயம்

கேன்சருக்கு நல்லதுன்னு ஆன்லைன்ல வாங்கி வீட்ல எல்லாரும் குடிக்கிறாங்க, பார்க்கின்சன்காரரும் சேர்ந்து. கரீபியன் பக்கம் குவாடலூப் தீவுல மாத்திரைக்குச் சரியா மசியாத ஒரு வகைப் பார்க்கின்சன் ஏன் இவ்வளவு இருக்குன்னு தேடினப்போ, இந்த மரத்தோட பழமும் இலைக் கஷாயமும் சந்தேகத்துல வந்துச்சு, 1999ல லான்செட்ல பேப்பரே வந்துச்சு. அதுல இருக்கிற அனோனசின், எலி ஆய்வுல சொன்ன அதே மைட்டோகாண்ட்ரியாவத்தான் தாக்குது. முழுசா நிரூபணம் ஆகல, ஆனா இந்த நோய்க்காரர்கிட்ட இத நான் பரீட்சை பண்ண மாட்டேன்.

காபிய மருந்தாக்குறது

ஹொனலுலுவுல 8000 ஆம்பளைங்கள 30 வருஷம் தொடர்ந்து பார்த்ததுல காபி குடிச்சவங்களுக்கு நோய் கம்மியாத்தான் வந்திருக்கு. நோய் வந்தப்புறம் கஃபீன் கொடுத்த ஆய்வு 2017ல கைய விரிச்சிருச்சு. பிடிச்சா குடிக்கட்டும்.

மலச்சிக்கலக் கேட்காம சார்ட் போடுறது

போடாதீங்க.

வைட்டமின் பி12 பார்க்காம விடுறது

லீவோடோபா ரொம்ப நாளா போடுறவங்களுக்கு பி12 குறையறதப் பார்க்கிறோம், சைவம்னா இன்னும் சீக்கிரம். கால் மரமரப்பு, தடுமாற்றம், மறதின்னு வர்றத எல்லாம் நோய் தலையில போட்டுடறாங்க. டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, குறைஞ்சிருந்தா கொடுக்கச் சொல்லுங்க. சத்து மாத்திரை எழுதியே ஆகணும்னு கை அரிச்சா இத எழுதுங்க.