வெள்ளம் புகுந்த வீட்டை மறுபடி கட்டுவதா, விட்டுவிடுவதா: முடிவெடுக்கும் முறை

தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோர் கையும் துடைப்பத்தைத்தான் தேடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். சுவரில் சேறு நின்ற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நாலு மூலையும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். காப்பீடு இருந்தால் சர்வேயர் கேட்பது இதைத்தான். இருக்கிற வீட்டையே இடித்துக் கட்டலாமா, உயர்த்தலாமா, விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்விக்கும் பதில் இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கழுவிவிட்டால் அது போய்விடும்.

நான் 24 வருடமாகக் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். வீடு மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். 2004-இல் கூடவே நின்று கட்டியது. 2015 நவம்பர் 16 அன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சுத்தம் செய்து முடித்து மூச்சு விடுவதற்குள் டிசம்பர் 1 இரவு 5 அடி 2 அங்குலம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்த மழை அது. நாங்களும் பக்கத்து வீட்டாரும் மொட்டை மாடியில் தார்பாய்க்குக் கீழே இரண்டு ராத்திரி இருந்தோம். அப்போது என் மாமியார் கேட்டார்: "இந்த ஊரை இனிமே ஊருன்னு சொல்லலாமாப்பா?" அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு எங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பது ஐம்பது வீடுகளைப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. சென்னையை முழுதாக வைத்துக்கொள்வதா, கைவிடுவதா என்று பேசினால் எங்கேயும் போய்ச் சேரமாட்டோம். சர்வே எண் சர்வே எண்ணாகப் பார்க்க வேண்டும். ஒரே தெருவில் மூன்றாவது வீடு இருக்கலாம், ஏழாவது வீடு இருக்கக் கூடாது.

அந்த வீடுகளுக்கு என்ன செய்தேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

கோட்டை ஒரு நகராத இடத்துக்குக் கொண்டு போங்கள்

"ரோட்டிலிருந்து மூணு அடி" என்று அளந்து வைத்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் அது பொய்யாகிவிடும். ரோடு ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் பிள்ளையார் கோயிலின் கருங்கல் மேடை ஒன்று இருக்கிறது, அது நகராது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: கண்ணாடி போன்ற ரப்பர் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உங்கள் பென்சில் கோட்டிலும் மறு முனையை மேடையிலும் பிடித்தால் மட்டம் கிடைத்துவிடும். தூரமாக இருந்தால் இடையில் ஒரு கம்பத்தில் குறித்துக்கொண்டு போகலாம். இப்படி எங்கள் தெருவின் 19 வீடுகளுக்கும் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கண்ணுக்கு ஒரே மட்டமாகத் தெரிந்த எங்கள் தெருவில் இரண்டு முனைக்கும் இடையே ஒன்றரை அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதுவரை எங்களில் யாருக்கும் அது தெரியாது.

நின்றதா, ஓடியதா, ஊறியதா

ஆழத்தைவிட இதுதான் முக்கியம். ஐந்தடி நின்ற தண்ணீரைவிட இரண்டடி ஓடிய தண்ணீருக்கு நான் அதிகம் பயப்படுகிறேன்.

நின்ற தண்ணீர் மெல்லிய வண்டலை விட்டுப்போகும். மிதந்த பீரோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே சாய்ந்து கிடக்கும். ஓடிய தண்ணீர் மணலும் சரளையும் கொண்டுவந்து போடும். காம்பவுண்டு சுவர்கள் எல்லாம் ஒரே திசையில் விழுந்திருக்கும். அஸ்திவாரத்தின் ஒரு மூலையில் மண் அரித்துக் குழி விழுந்திருக்கும், அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். ஊறிய தண்ணீர் வாசல் வழியாக வராது. டைல்ஸ் இடுக்கிலும் பாத்ரூம் ஓட்டையிலும் கொப்பளித்துக் கொண்டு வரும். தெரு காய்ந்த பிறகும் தை மாதம் வரை தரை ஈரமாகவே இருக்கும்.

நின்றது என்றால் பெரும்பாலும் போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. வடிகால், சிறுபாலம், வீட்டின் உயரம் ஆகியவற்றைச் சரிசெய்து அங்கே வாழலாம். ஓடியது என்றால் நீங்கள் ஆற்றின் பாதையிலோ ஏரிக் கலங்கலுக்குக் (உபரி நீர் வழியும் இடத்துக்குக்) கீழேயோ இருக்கிறீர்கள். அங்கே மறுபடி பணம் போடாதீர்கள். ஊறியது என்றால் அது பெரும்பாலும் ஏரியின் உள்வாய், அதாவது ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடம். வீட்டை எத்தனை அடி தூக்கினாலும் கழிவுநீர்த் தொட்டியும் அஸ்திவாரமும் தண்ணீருக்குள்தான் இருக்கும்.

எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015-இல் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டினார்கள். அன்று இரவு அங்கே திறந்த வினாடிக்கு 29,000 கன அடி திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. அது எங்களுக்குக் கீழே. அந்தத் தண்ணீர் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் அடித்தது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி. செம்பரம்பாக்கத்தை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் எங்கள் வீட்டுக்குள் வரும் தண்ணீர் குறையாது. இது தெரியாமல் "இனி அப்படித் திறக்கமாட்டார்கள்" என்ற நம்பிக்கையில் பழைய மட்டத்திலேயே வீட்டைச் சரிசெய்தவர்கள் 2021 நவம்பரில் மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

காகிதம் என்ன சொல்கிறது

பத்திரமும் பட்டாவும் போதாது. வருவாய்த் துறையின் இணையதளத்திலோ தாலுகா அலுவலகத்திலோ உங்கள் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடும் (நிலத்தின் வகை எழுதிய பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். உங்கள் எண்ணுக்கு மட்டும் எடுத்தால் பாதி கதைதான் தெரியும். சுற்றியுள்ள எட்டுப் பத்து எண்களுக்கும் எடுங்கள். ஏரி, வாய்க்கால், ஓடை, ஆற்றுப் புறம்போக்கு என்று ஏதாவது ஒன்றில் இருந்தால், அது உங்கள் எண்ணை எந்தப் பக்கம் தொடுகிறது என்று பாருங்கள். படத்தில் இருக்கும் வாய்க்கால் தரையில் இல்லையென்றால் அது எங்கேயும் போய்விடவில்லை, மழைக்காலத்தில் உங்கள் வரவேற்பறை வழியாகப் போகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தாங்கல் (சிறு ஏரி), கழுவெளி (சதுப்பு நிலம்), மதகடி (மதகுக்குக் கீழே உள்ள இடம்) என்று அவர்கள் வாயில் வரும் பழைய பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் தள்ளிப் பாருங்கள்.

போவது என்று முடிவானால்

என் தங்கை வீடு எங்களிடமிருந்து மூன்று தெரு தள்ளி, ஆற்றோரம். அங்கே தண்ணீர் ஓடியது. பின்பக்க மூலையில் அஸ்திவாரக் கருங்கல் வெளியே தெரிந்தது, இரண்டு கல்லைக் காணோம். வங்கிக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. மாப்பிள்ளை பூசிவிட்டு இருந்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் என்னோடு நாலு மாதம் பேசவில்லை. 2021-இல் அதே மூலைக்குத் தண்ணீர் மறுபடி வந்தபோது அவர்கள் பல்லாவரம் மலையடிவாரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள்.

விற்கும்போது ஒரு விஷயம். கோடையில் வெள்ளையடித்து, ஒன்றும் தெரியாத ஒரு குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். தங்கை வீட்டுக்கு வந்தவரிடம் போட்டோக்களைக் காட்டினோம். விலை வெகுவாக இறங்கியது. கடைசியில் லாரி நிறுத்த இடம் தேடியவர் ஒருவர் வாங்கி, வீட்டை இடித்துவிட்டுத் திறந்த இடமாக வைத்திருக்கிறார். கடனை அடைத்த பிறகு தங்கை கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அந்த நஷ்டம் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் அங்கே இப்போது எந்தக் குழந்தையும் தூங்குவதில்லை.

புது இடம் பார்ப்பதாக இருந்தால் சித்திரை, வைகாசியில் பார்க்காதீர்கள். தரகர் அப்போதுதான் கூப்பிடுவார், எல்லா மனையும் அப்போது அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்து முடிந்த மறுநாள் காலை தனியாகப் போய்ப் பாருங்கள். கூடுவாஞ்சேரி பக்கம் நாங்கள் முன்பணம் கொடுக்க இருந்த மனையை அப்படித்தான் தவிர்த்தோம். அங்கே கொக்கு நின்றுகொண்டிருந்தது.

இருப்பது என்று முடிவானால்

பழைய வீட்டை வைத்துக்கொண்டு மண் கொட்டி மனையை மட்டும் உயர்த்துவது ஒரு வழி. நான் அதை யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் மனையில் நின்ற தண்ணீர் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும். இடித்துக் கட்டும் வசதி இருந்தால் தூண் மேல் கட்டுங்கள், கீழே தண்ணீர் வந்து போகட்டும். ஆனால் அந்தக் கீழ்த்தளத்தைப் பிறகு தடுத்து அறையாக்கி வாடகைக்கு விடக் கூடாது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

இடிக்க வசதியில்லாதவர்களுக்கு ஜாக்கி வைத்துத் தூக்குவது இருக்கிறது. 2017-இல் எங்கள் வீட்டை 4 அடி தூக்கினோம். சுவரோரமாகத் தோண்டி, பிளிந்த் பீமுக்கு (அஸ்திவாரத்துக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) அடியில் இரும்புச் சேனல் கொடுத்து, 160 ஜாக்கிகளை ஒரே குரலுக்குக் கால் திருகு, கால் திருகாகத் திருகினார்கள். இடைவெளியைச் செங்கல் கட்டி மூடினார்கள். 42 நாள் ஆனது. செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. பிளிந்த் பீம் இல்லாத பழைய வீடு என்றால் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்காமல் தொடவே கூடாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் கூலியில் தரை சேராது: சுவர் மேலே போகும், தரை கீழேயே இருக்கும். உள்ளே கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, மறுபடி டைல்ஸ் போட வேண்டும். கட்டட இடிபாட்டைக் கொட்டினால் இரண்டே மழையில் தரை உள்வாங்கும். படிக்கட்டு, குழாய் இணைப்பு, கழிவுநீர்த் தொட்டியின் மட்டம் எல்லாம் தனிச் செலவு. கூலியைப் போல இன்னொரு மடங்கு கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

எவ்வளவு தூக்குவது? ரோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோட்டில் உள்ள மிக உயர்ந்த கோட்டைப் பாருங்கள். அவ்வளவு முடியாது என்றால், அடிக்கடி வரும் வெள்ளத்துக்கு மேலே இருக்குமாறு தூக்கி, மிச்சத்துக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள். 2015 மாதிரி வந்தால் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு அடிக்கு மேல் ஏறும். அதனால் ஸ்விட்சும் மீட்டரும் நெஞ்சு உயரத்தில், வயர் எல்லாம் மேலிருந்து. பிளைவுட் அலமாரிக்குப் பதில் கடப்பா கல் தட்டு. கழிவுநீர்க் குழாயில் திருப்பி வராத வால்வு. 2021-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கள் படிகளோடு நின்றது.

பூச்சு வேலைக்கு அவசரப்படாதீர்கள். நனைந்த பூச்சைக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கலைத் திறந்தே விடுங்கள். ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. எங்களுக்குப் பங்குனி வரை ஆனது. பொங்கலுக்குள் முடித்தவர்கள் வீட்டில் அடுத்த வருடமே சுவர் முழுக்க உப்புப் பூத்துவிட்டது. பழுது பார்த்து முடித்ததும் காப்பீடு எடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரலிலிருந்து கிடைக்கிறது, வெள்ளச் சேதம் அதில் உண்டு.

முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர்கள்

இதுவரை எழுதியது எல்லாம் சொந்த மனை உள்ளவர்களுக்கு. என்னோடு வேலை செய்த சித்தாள் அம்மா ஒருவர் சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசையில் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேராக இருந்து சுருங்கிப்போன அந்தக் கழுவெளிக்கு 2022-இல்தான் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பாதுகாப்பு கிடைத்தது. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற இடத்துக்கே அனுப்பினார்கள். காலை ஆறரைக்குச் சைட்டில் நிற்க அவர் நாலு மணிக்கு எழ வேண்டியிருந்தது. ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டார். உங்கள் பகுதியில் இப்படி ஆட்களை மாற்றும் பேச்சு வந்தால், போகும் இடத்தின் புலப்படத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்.

இன்னொன்று, அந்த நோட்டை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். எங்கள் தெருவுக்கு ரோடு போட வந்த அன்று விடியும்போதே நாலு பேர் டியூப் லெவலோடு பிள்ளையார் மேடையில் நின்றோம். ஒப்பந்ததாரரின் ஆள் முதலில் கோபப்பட்டார். நோட்டைக் காட்டி, எந்த வீட்டு வாசலுக்கு எத்தனை அங்குலம் மிச்சம் இருக்கிறது என்று படித்துக் காட்டினோம். பத்து மணிக்குச் சுரண்டும் இயந்திரம் வந்தது.